எழுதிக் குடுங்க, வுட்டுர்றேன்

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போலீஸ் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட முடியவில்லை.

எங்கள் வீடு வியாசர்பாடியில். ஒரே அறை, அதிலேயே அடுப்பு. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா ராயபுரத்தில் ஒரு கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுப்பாள். மாலையில் அவள் வீட்டுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் சணல் தூசியாக இருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். உயரமும் இருந்தது. பெண்களைப் போலீசில் எடுக்கிறார்கள் என்று பக்கத்துத் தெரு அக்கா சொன்னதும் போய் வரிசையில் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள்.

நைனாவுக்குத்தான் ரொம்ப நாள் மனசு ஒப்பவில்லை. "போலீஸு நம்ம தெருவுக்குள்ள வந்தாலே கதவ சாத்திக்கினு உள்ள குந்துவோம். இப்ப அந்த டிரெஸ்ஸ போட்டுக்கினு எம் பொண்ணே வருதே!" என்பார். நான் காக்கியில் தெருவுக்குள் நுழையும்போது இரண்டு மூன்று பேர் நிஜமாகவே எழுந்து உள்ளே போயிருக்கிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் என்னை விமான நிலையத்தில் போட்டார்கள். விமானக் கடத்தல் செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். பயணிகள் ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பெண்களைப் பெண்கள்தானே சோதிக்க முடியும்? அதற்காக நானும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும்.

பிளைவுட் பலகையால் தடுத்த ஒரு சின்ன இடம். பச்சைத் திரை, ஒரு மின்விசிறி, ஒரு ஸ்டூல். இப்போது இருக்கிற மாதிரி கதவு போன்ற இயந்திரமெல்லாம் எங்களுக்கு வரவில்லை. எங்கள் கைதான் இயந்திரம். பயணி உள்ளே வந்து இரண்டு கைகளையும் தூக்கி நிற்க வேண்டும். தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, அவர் கையிலிருக்கும் விமானம் ஏறும் அட்டையில் முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரை இல்லாமல் யாரும் விமானத்தில் ஏற முடியாது. சோதிக்காமல் முத்திரை குத்தினால் அன்றோடு வேலை போச்சு என்று பயிற்சியிலேயே பத்துத் தடவை சொல்லியிருந்தார்கள்.

நான் தினமும் பஸ் பிடித்து பீச் ஸ்டேஷன் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் மீனம்பாக்கம் போவேன். ரயிலில் போகும்போதே வாய்க்குள் பேசிப் பழகிக்கொள்வேன். 'இருக்கிறது', 'வாருங்கள்', 'கொஞ்சம் நில்லுங்கள்'. ஏனென்றால் என் பேச்சைக் கேட்டு உடன் வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். 'இருக்கிறது' என்பதை நான் 'கீது' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அன்று முழுவதும் "கீதா? இன்னா கீது?" என்று ஓட்டுவார்கள். நானும் கூடவே சிரித்துவைப்பேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது வலிக்கும்.

அன்று சிங்கப்பூர் விமானம். திருநெல்வேலிப் பெண் காய்ச்சல் என்று விடுப்பு. நான் ஒருத்திதான். பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அரக்குப் பட்டுப்புடவை, காதில் வைரம். அவரை வழியனுப்ப வந்த கணவர் ஏதோ பெரிய பதவியில் இருப்பவர் போலிருக்கிறது, அவர் வெளியே நின்றுவிட, எங்கள் இன்ஸ்பெக்டரே கூடவே நடந்துவந்து அந்த அம்மாளை வரிசையின் முன்னால் நிறுத்திவிட்டுப் போனார்.

"உள்ள வாங்கம்மா. கைய தூக்கிக்கினு நில்லுங்க, ரெண்டு நிமிசம்தான்" என்றேன். பழகிவைத்ததெல்லாம் அவசரத்தில் மறந்துபோய்விட்டது.

அவர் உள்ளே வரவில்லை. திரைக்கு வெளியே நின்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எந்தப் பக்கம்?"

"வியாசர்பாடிம்மா."

"அதான் பேச்சே சொல்லுதே" என்றவர், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "என்னைத் தொடாதே. நல்ல இடத்துப் பெண் யாராவது இருந்தா வரச் சொல்லு."

வரிசை முழுவதும் கேட்கும்படிதான் சொன்னார். பின்னால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் கையைப் பார்த்தேன். காலையில் டூட்டிக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிய கை.

"வேற யாரும் இல்லம்மா. நான்தான்" என்றேன்.

"அப்போ எனக்கு அந்தச் சோதனையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ போய்ச் சொல்லி இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய இடம் என்றால் அவருக்கு உடனே முதுகு வளைந்துவிடும். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவங்க யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியாது ஐயா."

"தெரியலைன்னா நான் சொல்றேன், கேட்டுக்கோ. வயசான அம்மா, என்ன வெடிகுண்டா வெச்சிருக்கப் போறாங்க? முத்திரையைக் குத்தி அனுப்பு."

இதோடு விட்டிருந்தால் நான் குத்தியிருப்பேனோ என்னவோ. தினமும் முந்நூறு தடவை 'சரிங்க ஐயா' சொல்லிப் பழகிய வாய். ஆனால் முத்திரையை எடுக்கப் போன நேரத்தில் அந்த அம்மாள் நாற்காலியில் இருந்தபடியே அட்டையை என் பக்கம் நீட்டினார். என் விரல் அவர் விரலில் பட்டுவிடக் கூடாது என்று, அட்டையின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ நின்றுவிட்டது.

முத்திரையை மேசைமேல் வைத்தேன்.

"ஐயா, ஒரு வரி எழுதிக் குட்த்துடுங்க. 'இவங்கள சோதிக்காம அனுப்பச் சொன்னது நான்தான்'னு. கீழ கையெழுத்துப் போட்டுடுங்க. இப்பவே வுட்டுர்றேன்."

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேனா என்று அவருக்குச் சந்தேகம். சத்தியமாகக் கிண்டல் இல்லை. எனக்கு வேலை வேண்டும். நைனாவுக்கு அந்த வருடம் முதுகு பிடித்துக்கொண்டு பாதி நாள் வேலைக்குப் போகவில்லை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. என்மேல் பழி வராமல் இருக்க ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பிறகு மூடியை மாட்டி, பேனாவைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டார்.

"ரொம்பப் பேசறே. நாளைக்கு நீ இங்கே இருக்க மாட்டே" என்றார்.

"சரிங்க ஐயா" என்றேன். இந்த மாதச் சம்பளமாவது வருமா என்றுதான் நினைப்பு ஓடியது.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் அடுத்த பெண்ணை உள்ளே கூப்பிட்டேன். வேலை நடக்க வேண்டுமே. ஒவ்வொருவராக வந்தார்கள், கையைத் தூக்கினார்கள், முத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். பினாங்கில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் பர்தாவோடு வந்தார். உள்ளே வந்ததும் நான் கேட்காமலே அதைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நின்றார். வெளியே போகும்போது அந்த அம்மாளிடம் குனிந்து, "ரெண்டு நிமிஷம்கூட ஆகலைம்மா. போய்ட்டு வந்துடுங்க" என்றார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரிசை தீர்ந்துவிட்டது. நானும் நாற்காலியில் அவரும் மட்டும். மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

விமான கம்பெனிக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டார். அவருக்கு என் பேச்சும் முக்கியமில்லை, அந்த அம்மாளின் கணவரும் முக்கியமில்லை. "அட்டையிலே முத்திரை இல்லாம ஏத்த முடியாதும்மா. அஞ்சு நிமிஷத்துல நீங்க வரலைன்னா உங்க பெட்டியை இறக்கி வெச்சுட்டு விமானம் கிளம்பிடும்" என்றார், சாதாரணமாக.

அதைக் கேட்டதும் அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. இன்ஸ்பெக்டரைத் தேடினார். அவர் தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் எழுந்தார். திரையை விலக்கி உள்ளே வந்தார். என் முன்னால் நின்று மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கினார்.

எனக்கு அப்போது ஏற்பட்ட உணர்வை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்திருக்கிறேன். இந்த வேலை கிடைத்த அன்று தெருவே கூடி வாழ்த்தியிருக்கிறது. அதெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் மற்றவர்களை எப்படிச் சோதித்தேனோ அப்படியே தோளில் ஆரம்பித்தேன்.

இடுப்புக்கு வந்தபோது இடது பக்கத்தில் கை எதிலோ இடித்தது. புடவைக் கொசுவத்துக்கு உள்ளே, கெட்டியாக, ஒரு சாண் நீளத்தில் ஏதோ இருந்தது.

"இது இன்னாம்மா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் வேர்வை. நானே எடுத்தேன். மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கத்தி. மரப்பிடி, பழைய இரும்பு, முனை கூர்மையாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம். 'மாட்டிக்கினியா' என்று மனசுக்குள் ஒரு குரல் குதித்தது.

அவர் என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தொடாதே என்று சொன்ன அதே அம்மாள். குரல் வெளியே கேட்காதபடி சொன்னார். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரமாம். முன்னால் இரண்டு தடவை குழந்தை தங்கவில்லையாம். அந்த மகளைப் பெற்றபோது இவர் தலைமாட்டில் வைத்திருந்த கத்தியாம் இது. இதை வைத்தால்தான் இந்தக் குழந்தையாவது நிற்கும் என்று நம்பி எடுத்துப் போகிறார். பெட்டியில் போட்டால் வழியில் எடுத்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்களாம்.

"இதை வாங்கிட்டீங்கன்னா நான் எதுக்குப் போகணும்?" என்றார். 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது.

எங்கள் வீட்டில் புத்தர் படம்தான். அம்மா சாமி, பேய் எதையும் நம்ப மாட்டாள். ஆனாலும் எங்கள் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது தலைமாட்டில் கோணி தைக்கிற ஊசியைக் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். "ஒரு இரும்பு இர்க்கட்டும், இன்னா இப்போ?" என்றாள். அதனால் இந்த அம்மாள் சொல்வது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. கத்தியை மறைக்கத்தான் என்னை அப்படிப் பேசினாரா, இல்லை அந்தப் பேச்சு அவருக்குள் எப்போதும் இருந்ததா? இரண்டும்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கத்தியைத் துணியோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கை தானாகப் பேனா இருந்த பைக்குப் போனது. அந்தப் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும்.

அடுத்த நிமிடமே குரலை உயர்த்திவிட்டார். "உடம்புல மறைச்சா கொண்டுபோறாங்க? கேஸ் போடு! ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ!" கொஞ்சம் முன்னால்தான் முத்திரை குத்தி அனுப்பச் சொன்னவர்!

"ஐயா, பொண்ணுக்குப் பிரசவமாம். கொயந்த தலைமாட்டுல வெக்கிற இரும்பு. எங்க வூட்லயும் வெப்பாங்க. கைப்பையில கத்தி, கத்தரி கெடச்சா ஒறையில போட்டு ஒட்டி கம்பெனிக்காரர்கிட்ட குடுக்கறோமே, அந்த மாதிரி செஞ்சுடலாம் ஐயா. இடுப்புல கட்டிக்கினு வந்தாங்கன்னு ரிஜிஸ்டர்ல உள்ளபடியே எழுதிடறேன்."

அவர் கத்தியைத் துணியோடு திருப்பிப் பார்த்தார். பிறகு, "எழுது. கையெழுத்து நான் போடறேன்" என்றார்.

எழுதினேன். போட்டார். கத்தியைத் தடித்த உறையில் வைத்து அரக்கு முத்திரை வைத்தோம். விமான கம்பெனிக்காரர் அதை வாங்கிக்கொண்டு, "அங்கே இறங்கினதும் கையிலே கொடுத்துடுவோம்மா, பயப்படாதீங்க" என்றார். அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

நான் அவருடைய அட்டையை வாங்கி மேசைமேல் வைத்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். அந்தச் சத்தம் ஹால் கடைசி வரை கேட்டது.

அவர் அட்டையை வாங்கிக்கொண்டு போகத் திரும்பினார். திரும்ப நின்றார்.

"நான் பேசினதை மனசுல வெச்சுக்காதேம்மா" என்றார்.

"வெச்சுப்பேம்மா" என்றேன். "ஆனா உங்க பொண்ணுக்கு நல்லபடியா பொறக்கட்டும்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு விமானத்தை நோக்கி நடந்தார். அந்தக் குழந்தை எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் பிறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் நான் அங்கே இருக்க மாட்டேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார் அல்லவா? மறுநாள் காலை எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார். என்னை ஓரடி முன்னால் வரச் சொன்னார். "இனிமே யார் சொன்னாலும், நானே சொன்னாலும், சோதிக்காம முத்திரை கிடையாது. நேத்து இந்தப் பொண்ணு செஞ்ச மாதிரி செய்யணும்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அதனால் அவர்மேல் எனக்கு மரியாதைதான்.

என் பேச்சைக் கிண்டல் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் அத்தனை பேர் வாயிலும், "எழுதிக் குடுங்க, வுட்டுர்றேன்!" டீ வாங்கிவரச் சொன்னால் அதுதான் பதில். லீவு கேட்டால் அதுதான் பதில். திருநெல்வேலிப் பெண்ணே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு 'வுட்டுர்றேன்' என்பாள். ரயிலில் வாய்க்குள் பேசிப் பழகுவதை நான் விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மாம் பெரிய பொம்பள உம் முன்னால ரெண்டு கையையும் தூக்கிக்கினு நின்னுச்சா?"

"ஆமாம்மா."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். மறுநாள் அடிபம்பில் அம்மா அதைச் சொல்ல, அங்கிருந்து தெருவெல்லாம் போனது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கத்தி அரிவாளாகிவிட்டது, விமானமே பாதி வழியில் திரும்பி வந்துவிட்டது. நைனா எதையும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு நான் காக்கியில் தெருவுக்குள் வந்தால் யாரும் உள்ளே போனதில்லை. குழந்தைகள் ஓடிவந்து கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், நான் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்ப வேண்டும்.

முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். பெரிய அதிகாரிகள் முன்னால், கூட்டத்தின் முன்னால், கோபத்தில் கத்துகிறவர்கள் முன்னால் எத்தனையோ தடவை நிற்க வேண்டி வந்தது. அன்றைக்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பயந்துகொண்டேகூட ஒரு மனுஷி தன் இடத்தை விட்டு அசையாமல் நிற்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான், அதன் பிறகு இன்றுவரை என்னை யாராலும் நகர்த்த முடியவில்லை.